தோசைக்கல்லில் அரக்கு

துளசி பாத்தான்னா என்னைச் சும்மா உடமாட்டா. அவளோட தோசைக்கல்லுல ஒரு கை ஆத்து மணலைப் பரப்பி, அடுப்பைச் சிம்முல வெச்சு, மணலுக்கு மேல மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு கல்லை வெச்சுட்டு முன்னால நின்னுட்டிருக்கறேன். கல்லு மெதுவாத்தான் சூடாகோணும். தீயை நேராக் காட்டுனா வெடிச்சு ரெண்டாப் போயிரும், போன மாசம் அப்படி ஒண்ணு போச்சு. அக்கட்டால தாளிக்கற கரண்டியில அரக்கு உருகுது. போஸ்டாபீசுல பார்சலுக்கு சீல் வெப்பாங்களே, அந்தச் செவப்பு அரக்குத்தான். மூணு இஞ்ச் ஆணியோட தலையில அரக்கைத் தொட்டு அதுமேல கல்லை உக்கார வெச்சுட்டா ஆணி கைப்பிடி ஆயிரும், புடிச்சுக் கல்லை ஒரசலாம். கரண்டியும் அவளோடதுதான். எதுதான் அவளோடது இல்லை இந்த வீட்டுல. என்றதுன்னு பாத்தா டெஸ்டரு, கட்டிங் பிளேயரு, ரிட்டயர் ஆகறப்ப கரண்ட்டாபீசுல குடுத்த கடிகாரம், அவ்வளவுதான். கடிகாரமும் ஓடறதில்லை. இன்னைக்குப் பொழுதோட கூப்புடறேன்னு சொல்லியிருக்கறா. கனடாவுல இந்து வீட்டுல இருக்கறா. எங்களுக்கு இந்துமதி ஒரே புள்ளை. பிரசவம் பாக்கறதுக்குன்னு போனவ, ஆறு மாசம்னு சொல்லிட்டுப் போனா, அது இந்த மாசத்தோட முடியுது. டிக்கெட் போடறாளா, இல்லை இன்னும் இருக்கறாளான்னு இன்னைக்குத் தெரிஞ்சுரும். மாப்பிள்ளையைக் கேட்டுட்டுச் சொல்றேன்னு போன ஞாயித்துக்கெழமை சொன்னா. வர்றதுக்கு மாப்பிள்ளையை எதுக்குக் கேக்கோணும். போறப்ப என்னைத்தான் கேட்டா. ஏனுங்க, போயிட்டு வரட்டுங்களான்னு கேட்டா, நானும் போயிட்டு வான்னுதான் சொன்னேன். போன்னு சொல்லலை. போயிட்டு வான்னுதான் சொன்னேன், எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது.

அரக்கு கொதிக்கக் கூடாது, நொரை கட்டுனா கல்லு நிக்காது. எறக்கியாச்சு. கல்லைக் கொறட்டுல எடுத்து டியூப் லைட்டுக்கு நேராப் புடிச்சு ஒருவாட்டி திருப்பிப் பாக்கறேன். இது சந்திரகாந்தக் கல்லு, எங்க காங்கேயத்துல மூன்ஸ்டோன்னு சொன்னாத்தான் தெரியும். மழை பேஞ்சு ஓஞ்சா இந்தப் பக்கத்துக் காடுகள்ல கல்லுப் பொறுக்கறவங்க குனிஞ்சுட்டே நடப்பாங்க. இது துளசி எடுத்தது. சிவன்மலைக்கு அக்கட்டால அவ தம்பி காட்டுல கடலை பறிக்கறப்ப, அவ செருப்புக்கடியில மாட்டி, அட இது வழுக்குதுன்னு எடுத்துப் பாத்து, சேலையில தொடச்சு என்ற கையில குடுத்தா. வெளியில பாத்தா அழுக்குக் கூழாங்கல்லுத்தான். வெயில்ல திருப்புனா உள்ளுக்குள்ள வெளுத்த நீலமா ஒரு ஒளி நகுந்துச்சு. ஏனுங்க, இதை மோதரத்துல வெச்சுப் போட்டுக்கலாமான்னு கேட்டா. அவ எதையும் கேக்கறவ இல்லை. நான்தான் பாக்கலாம்னு சொல்லி அதை ஸ்க்ரூ டப்பாவுல போட்டு வெச்சேன். அவ போனதுக்கப்புறம், பகல்ல இந்த வீட்டுல என்ன பண்றதுன்னு தெரியாம ஃபோன்ல எதையோ பாக்கப் போனா, கல்லு தீட்டறதை ஒருத்தன் காட்டிட்டிருந்தான். மிசினு வாங்க வேண்டாம், வீட்டுல இருக்கற சாமானே போதும்னு சொன்னான். நல்ல வார்த்தை சொன்னான் மகராசன். வீட்டுல சாமான்தான் இருக்குது. சரி, ஒட்டியாச்சு. குளுரட்டும். ஆணியை அரிசி டம்ளருக்குள்ள நட்டு வெக்கறேன், சாயாம நிக்கும்.

கிரைண்டரை இழுத்து மேடைக்கு நடுவுல வெக்கறேன். டிரம்மைக் கழட்டிக் கட்டலுக்கடியில வெச்சு நாலு மாசம் ஆகுது, ஆட்டற கல்லுக மூணையும் சாக்குல சுத்தி வெச்சிருக்கறேன், ஒண்ணும் ஒடையலை. மோட்டாருக்கு மேல பிளைவுட்டுல ஒரு வட்டம் அறுத்து மாட்டி, அதுமேல தண்ணி எமரி பேப்பரை, அதான் உப்புத்தாளை, ஒட்டியிருக்கறேன். இட்லிப் பானை மூடியைச் சுத்தி நிறுத்திட்டா தண்ணி செவுத்துல தெறிக்காது. மூடி ஆடாம இருக்க பழைய குக்கர் கேஸ்கெட்டு. மேல ஆணியில தொங்குறது குளுக்கோஸ் பாட்டிலு, அதோட ட்யூப்பைத் திருகி உட்டா சொட்டுச் சொட்டா எமரி மேல உளும். துளசிக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஏத்துனது. காலிப் பாட்டிலை எதுக்குங்க வீட்டுக்கு எடுத்துட்டு வர்றீங்கன்னு கேட்டா, எதுக்காச்சும் ஆகும்னேன். ஆச்சு பாத்தியா. கழுவறதுக்கு பழைய பல்லு பிரஷ்ஷு, கையில புடிக்கறதுக்கு துணி கிளிப்பு, கடைசியில மெருகு ஏத்தறதுக்கு என்ற பழைய பெல்ட்டுத் தோலு. அது ஒண்ணுதான் என்ற சாமான். அவ நகப்பாலிஷ் எடுக்கற தண்ணியைக்கூட ஃபெவிக்விக் தொடைக்க ஊத்தித் தீத்துட்டேன். ஒவ்வொண்ணா எடுக்கறப்பவும் இதுக்கு ஒரு திட்டு உளும்னு மனசுல எழுதிக்குவேன். இட்லி மூடிக்கு இத்தனை, கிரைண்டருக்கு அத்தனைன்னு. தோசைக்கல்லுக்கு ஒரு வாரம் பேசமாட்டா. அதனாலதான் அவ கூப்புடறப்பெல்லாம் முன்ரூமுல காலண்டருக்குக் கீழ போயி உக்காந்துக்குவேன். பின்னால முருகனும் ராகுகாலமும்தான் தெரியும். ஏனுங்க, எப்பப் பாத்தாலும் அங்கயே உக்காந்திருக்கறீங்க, வீட்டைச் சித்தெ சுத்திக் காட்டுங்கன்னு ஒருக்கா கேட்டா. சார்ஜு கொறவா இருக்குதுன்னு சொல்லிட்டேன்.

சுவிட்சைப் போட்டாச்சு. இந்தச் சத்தம் இருக்குதே, இதுக்காகவே தினமும் போடலாம். மாவாட்டற நாள்ல இதே சத்தம்தான், டிரம்மு இல்லாததுனால கொஞ்சம் மெலிசா வருது. அவ உளுந்தைத் தள்ளி உட்டுட்டே எதையாச்சும் பேசுவா, எனக்குப் பாதி காதுல உளுகாது, சரி சரின்னு சொல்லுவேன், எதுக்குச் சரின்னு சொன்னீங்கன்னு அப்புறம் கேப்பா. இப்பவும் மோட்டாரு ஓடறப்ப யாரோ பேசற மாதிரியே இருக்குது. நிறுத்துனா ஒண்ணும் இல்லை. பக்கத்து வீட்டு மிக்சி, ரோட்டுல லாரி. ஆணியைச் சாச்சுப் புடிச்சுக் கல்லை வைக்கறேன், கரகரன்னு கரையுது, பால் மாதிரித் தண்ணி ஓடுது. முந்தாநாளு எமரி வாங்கப் போனப்ப ஹார்டுவேர் கடை நடேசு, என்னங்ணா, வாராவாரம் எமரி வாங்கறீங்க, வீட்டுல கட்டட வேலையான்னு கேட்டான். ஆமாப்பான்னேன். என்ன கட்டறீங்கங்ணான்னான். சும்மா ரிப்பேருன்னேன். அப்புறம் பில்லை நீட்டிட்டே, அக்கா எப்பங்ணா வர்றாங்கன்னு கேட்டான். அடுத்த மாசம்னேன். போன மாசமும் அப்படித்தான் சொன்னீங்கன்னு சொல்லி, அவன் பாட்டுக்கு வேற ஆளுக்குக் கொழாய் எடுக்கப் போயிட்டான். அவன் மேல எனக்குக் கோவம். என்ன கோவம்னு தெரியலை. கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்லை. அடுத்த மாசம்னு சொன்னதும் பொய் இல்லை, ஒவ்வொரு மாசமும் அடுத்த மாசம்தானே வருது. நீங்களும் வாங்கப்பா, அம்மாவோட சேந்தே இருக்கலாம்னு இந்து எத்தனையோ வாட்டி சொல்லியாச்சு. வீட்டை ஆரு பாக்கறதுன்னு கேட்டேன். வீட்டைப் பாக்கறதுக்கு என்ன இருக்குது, அது எங்க போயிரப் போகுதுன்னா. நெசம் என்னன்னா எனக்கு ஏரோப்ளேன்னா பயம். முப்பது வருசம் கம்பத்துல ஏறி எறங்குன வயர்மேனு, மழையில லைனுல நின்னவன். கம்பம்னா தரையில நட்டிருக்குது, கீழ பாத்தா மண்ணு தெரியும். அதுல என்ன இருக்குது கீழ. இதை வெளியில சொன்னா சிரிப்பாங்க. துளசிக்குத் தெரியும், அவ சிரிக்கலை. சரி நீங்க இருங்க, நான் சீக்கிரம் வந்துர்றேன்னா. சீக்கிரம்னுதான் சொன்னா.

கல்லு குமிழா வந்துருச்சு. முட்டையோட தலையாட்டம் வழவழன்னு ஏறி எறங்குது, ஓரம் எங்கயும் பேந்து வரலை. இதுவரைக்கும் தீட்டுனதுல இதுதான் நல்ல வாட்டம். சுவிட்சை அமத்திட்டுப் பின்வாசல்ல கொண்டுபோயி, எச்சியைத் தொட்டுத் தடவி வெயிலுக்குக் காட்டறேன். இல்லை. இன்னொருக்கா. ஒளி மேல வரலை. வலது பக்கம் சாச்சாலும் இல்லை, இடது பக்கமும் இல்லை, நல்லாக் குப்புறச் சாச்சா ஓரத்துல, அரக்குக்குப் பக்கத்துல, நீலமா ஒரு கீத்துத் தெரிஞ்சு மறையுது. அடக் கெரகமே. பக்கவாட்டுல ஒட்டிட்டேன். இந்தக் கல்லுல ஒளி எப்பவும் ஒரு பக்கமாத்தான் படுத்திருக்கும். எந்தப் பக்கம்னு பாத்து, அதுக்கு நேர் மேல குமிழு வர்ற மாதிரி ஒட்டோணும். மாறி ஒட்டிட்டா எத்தனை மெருகு ஏத்துனாலும் வெறும் கூழாங்கல்லு. அதைப் பாக்கறதுக்கு ரூமை இருட்டாக்கி ஒத்தை பல்புக்குக் கீழ திருப்பிப் பாக்கோணும், டியூப் லைட்டுல ஒளி நீட்டமா இழுத்துக்கும், ஏமாத்தும். இது எனக்குத் தெரியாதா. நல்லாத் தெரியும். முன்னெல்லாம் சாமி ரூமு குண்டு பல்புலதான் பாத்தேன். அது ஃபியூஸ் போயி ரெண்டு வாரம் ஆச்சு. வயர்மேன் வீட்டுல பல்பு ஃபியூஸு. ஊருக்கெல்லாம் கரண்ட்டுக் குடுக்கற மனுசன், வீட்டுல ஒரு பல்பு மாத்த ஆள் இல்லைன்னு துளசி வருசம் பூராச் சொல்லுவா. அவ சொல்றதுக்கு ஒரு நாள் கழிச்சுத்தான் மாத்துவேன், அது ஒரு வீம்பு. இப்பச் சொல்ல ஆள் இல்லை, அதனால மாத்தலை. சொன்னாத்தானே ஒரு நாள் கழிக்க முடியும். சோம்பேறித்தனத்துல டியூப் லைட்டுலயே பாத்து ஒட்டி, அவ எடுத்த கல்லை, வேற எதுவோ ஒண்ணுன்னாலும் பரவால்லை, அவ செருப்புல மாட்டுன கல்லைக் கொண்டுபோயிப் பக்கவாட்டுல தேச்சு வெச்சிருக்கறேன்.

தீயில காட்டிக் கழட்டலாம், ஆனா ஏற்கெனவே ஒரு சூடு பட்ட கல்லு, இன்னொரு சூடு தாங்குமோ தாங்காதோ. ஃபோன்காரன் ஒரு வழி சொன்னான். ஃப்ரீசர்ல வெச்சுருங்க, குளுர்ல அரக்கு சுருங்கித் தானா உட்டுரும், கல்லுக்கு ஒரு கீறல் உளாதுன்னான். ஃப்ரீசரைத் தொறக்கறேன். ஐசு நல்லா ஏறிக் கெடக்குது. உள்ளுக்க ஒரே ஒரு டப்பா. அவ போறப்ப தேங்காயைத் துருவிச் சின்னச் சின்ன டப்பாவுல போட்டு அடுக்கி வெச்சுட்டுப் போனா, ஒரு நாளைக்கு ஒண்ணு எடுங்க, வெளிய வெச்சுட்டு எடுங்க, அப்படியே சட்டியில போட்டுறாதீங்கன்னு சொல்லி. எல்லாம் தீந்து இது ஒண்ணு நிக்குது. கெட்டுப் போயிருக்கும், ஆறு மாசத் தேங்காயி. எடுத்து வீசோணும்னு தெனமும் நெனைக்கறேன். அந்த டப்பாமேலயே ஆணியைச் சாச்சு வெச்சுக் கதவைச் சாத்தறேன். எத்தனை நேரம் ஆகுமோ. கல்லுல இன்னும் மிச்சம் இருக்குது, திருப்பி ஒட்டித் தேச்சா அளவு சிறுத்துரும், ஆனாலும் மோதரத்துக்குப் பத்தும். பத்தும்னு நெனைக்கறேன். மேல தேச்ச குமிழைத்தான் மறுபடியும் அழிக்கோணும். போகட்டும். அவ டிக்கெட் போட்டுட்டான்னா இதை முடிச்சு, ஆசாரிகிட்டக் குடுத்து, ஏர்போர்ட்டுலயே கையில மாட்டி உட்டுறலாம். எல்லாத்துக்கும் முன்னால கிரைண்டரு. அதைத் திருப்பி மாட்டறதா, இல்லை அப்படியே உட்டுத் திட்டு வாங்கறதா. மாட்டிட்டா அவளுக்குத் தெரியாமப் போயிரும். எனக்கென்னமோ அப்படியே உட்டுறலாம்னு தோணுது. அவ உள்ளுக்க வரோணும், பேக்கைக் கீழ வைக்கோணும், வெக்கறதுக்கு முன்னாலயே மேடையைப் பாக்கோணும். இதென்னங்க இதுன்னு ஆரம்பிக்கோணும். ஆரம்பிச்சா ராத்திரிச் சோத்து வரைக்கும் நிக்காது. நிக்கவே வேண்டாம்.

ஃபோனு அடிக்குது. இன்னும் விளக்கு வெக்கற நேரம்கூட ஆகலை, அதுக்குள்ள கூப்புடறா. அங்க இப்பத்தான் விடிஞ்சிருக்கும். முன்ரூமுக்குப் போறதுக்குள்ள கட்டாயிருமோன்னு ஈரக்கையில அப்படியே எடுத்துட்டேன். "ஏனுங்க, சாப்டீங்களா?" மூஞ்சி கொஞ்சம் சதை போட்டிருக்குது, ஸ்வெட்டர் போட்டிருக்கறா, நெத்தியில ஸ்டிக்கர் பொட்டு. பின்னால சன்னல்ல பனி வெள்ளையாக் கெடக்குது. "சாப்டேன். பேரன் என்ன பண்றான்?" "தூங்கறானுங்க. ராத்திரி பூரா அழுது ஒரியாட்டம், இப்பத்தான் கண்ணு அசந்தான். அதென்னங்க உங்களுக்குப் பின்னால?" திரும்பிப் பாத்தேன். நான் சமையல்கட்டுலயே நிக்கறேன். "எது?" "அதுதான், அது கிரைண்டர்தானே? டிரம்மு எங்கங்க?" மாட்டிக்கிட்டேன். மாட்டுனதுல ஒரு சந்தோசமும் வருது, பள்ளிக்கொடத்துப் பையனாட்டம். ஆரம்பிக்கட்டும். "கழட்டிட்டேன்." "எதுக்குங்க?" "கல்லு தீட்டறதுக்கு. சும்மா, பொழுது போகோணும்ல." ஃபோனைக் கிட்டக் கொண்டுபோயிப் பாக்கறா, கண்ணு ரெண்டும் பெருசாத் தெரியுது. அப்புறம் சிரிக்கறா. "கழட்டுனா கழட்டீட்டுப் போங்க. இனி அதை வெச்சு ஆரு மாவாட்டப் போறாங்க."

இனி. அந்த ஒரு சொல்லு காதுல உளுந்து அங்கயே நின்னு போச்சு. அவ மேக்கொண்டு பேசிட்டிருக்கறா, இந்து மறுபடியும் வேலைக்குப் போகோணுமாமா, கொழந்தையை அங்க உடற எடத்துல உட்டா சம்பளத்துல பாதி போயிருமாமா, மாப்பிள்ளை விசாவை நீட்டறதுக்குப் பேப்பரெல்லாம் போட்டுட்டாராமா, இன்னும் ஒரு வருசமோ என்னமோன்னு. நானும் உம் கொட்டறேன். ஆனா எனக்கு விசயம் அதுக்கு முன்னாலயே தெரிஞ்சு போச்சு, சிரிச்சப்பவே. "ஏனுங்க, கோவமா?" "கோவம் என்ன. கொழந்தையைப் பாரு." "நீங்களும் தைரியமா ஏறி வந்துருங்களேன். நான் சன்னலோரம் உக்காந்தேன், ஒண்ணுமே தெரியலைங்க, மேகம்தான்." "பாக்கலாம்." பாக்கலாம்னுதான் அந்தக் கல்லுக்கும் சொன்னேன். உட்டுறக் கூடாதுன்னு எனக்கு ஒரு வெறி வந்துச்சு, எல்லாத்தையும் சொல்லிப் போடறேன். "துளசி, இட்லிப் பானை மூடியையும் எடுத்துட்டேன்." "செரிங்க." "ஓரம் நசுங்கிப் போச்சு." "அது பழசுதானுங்க." "உன்ற தோசைக்கல்லுல மணலைப் போட்டு அரக்குக் காச்சறேன். அடியெல்லாம் ஒட்டிக் கெடக்குது." கொஞ்சம் கூட்டியே சொல்லிட்டு அவ மூஞ்சியையே பாத்தேன். ஒரு வார்த்தை. என்ற அம்மா எனக்குக் குடுத்த தோசைக்கல்லு, உங்களுக்கு வேற சாமானே கெடைக்கலையான்னு ஒரு வார்த்தை கேட்டா வர்றான்னு அர்த்தம், எப்பவோ ஒரு நாள் வர்றான்னு. அங்க கொழந்தை சிணுங்கற சத்தம் கேட்டுச்சு, திரும்பிப் பாத்தா, எந்திரிச்சா. "காச்சுங்க. சூடு பாத்துங்க, கையைச் சுட்டுக்காதீங்க. இவன் எந்திரிச்சுட்டான், நான் அப்புறம் கூப்புடறேன், வெக்கட்டுங்களா?" எத்தனை தன்மையாச் சொன்னா. திட்டியிருக்கலாம்.

இருட்டிப் போச்சு. ஃப்ரீசரைத் தொறந்து பாக்கறேன். ஆணி ஒரு பக்கம் கெடக்குது, கல்லு தேங்காய் டப்பா மேல தனியாக் கெடக்குது. நான் தொடவே இல்லை, தானா உட்டுருச்சு. அடியைத் தடவிப் பாத்தா வழவழன்னு இருக்குது, அரக்கு ஒட்டியிருந்த அடையாளமே இல்லை. ஸ்க்ரூ டப்பாவைக் கொட்டி ஒரு குண்டு பல்பு தேடி எடுத்துட்டுப் போயி, ஸ்டூலைப் போட்டு ஏறி, சாமி ரூமுல மாட்டறேன். யாரும் சொல்லாம மாத்தற மொதப் பல்பு. டியூப் லைட்டை அமத்திட்டு அதுக்குக் கீழ நின்னு கல்லைத் திருப்பறேன். இந்தா இருக்குது. இந்தப் பக்கம். நல்ல நீலம், சாச்சா நகுருது, நேராக்குனா நடுவுல வந்து நிக்குது. நேர் மேல இப்படி வெச்சு ஒட்டோணும். காத்தாலயே இதைப் பண்ணியிருக்கலாம். பென்சில்ல ஒரு புள்ளி வெச்சு டம்ளருல போட்டு மூடி வெக்கறேன், நாளைக்கு ஒட்டிக்கலாம், அவசரம் ஒண்ணும் இல்லை. மேடைக்கு வந்து மணலைக் கொட்டிட்டுத் தோசைக்கல்லைக் கொழாய்க்கடியில புடிக்கறேன். தெனமும் இந்நேரத்துக்கு இதைத் தேச்சுச் செவுத்துப் பக்கம் பாத்து நிறுத்தி வெச்சுருவேன், அவ வெக்கற மாதிரியே, திடுதிப்புன்னு வந்துட்டாக்கூடக் கண்டுபுடிக்க முடியாத மாதிரி. ஓரத்துல செவப்பா அரக்கு ஒரு பொட்டு ஒட்டியிருக்குது. நகத்துல சொரண்டறேன், வரலை. யாரும் கேக்கப் போறதில்லை, அப்படியே உட்டாலும் ஒண்ணும் ஆகாது. புளி டப்பாவைத் தொறந்து கொஞ்சம் எடுத்து மறுபடியும் தேய்க்கறேன்.